ரேபிஸ் டைட்டர் டெஸ்ட்: சென்னையில் நாய், பூனை வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலை, படிப்பு என்று வெளிநாடு போகிற குடும்பம் நாயையும் பூனையையும் கூடவே அழைத்துப் போவது சென்னையில் இப்போது சாதாரணம். அப்போதுதான் பலர் முதல்முறையாக ‘டைட்டர்’ என்ற சொல்லைக் கேட்கிறார்கள். தடுப்பூசி போட்ட பிறகு ரத்தத்தில் ரேபிஸ் எதிர்ப்பொருள் எவ்வளவு உருவாகியிருக்கிறது என்று அளக்கும் இந்தப் பரிசோதனை பற்றிக் கிளினிக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகள் இருக்கின்றன. நாடுகளின் விதிகள் அவ்வப்போது மாறும். டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் அன்றைய விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

டைட்டர் டெஸ்ட்னா என்ன? அதான் ஊசி போட்டாச்சே, அப்புறம் எதுக்கு ரத்தம்?

ஊசி போட்டதற்குச் சான்று தடுப்பூசிப் புத்தகம். அந்த ஊசி உடம்பில் வேலை செய்ததற்குச் சான்று டைட்டர். ரேபிஸ் வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை இது எண்ணாகச் சொல்கிறது. ஐஸ் பெட்டியில் இல்லாமல் வெயிலில் கிடந்த மருந்து, ஃப்ரீசரில் உறைந்துபோன மருந்து, பாதி வெளியே சிந்திய டோஸ், போடாமலே ஒட்டிய ஸ்டிக்கர், இவையெல்லாம் புத்தகத்தில் தெரியாது. ரத்தத்தில் தெரிந்துவிடும்.

ரேபிஸ் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வரும் விலங்குகளுக்குப் பல நாடுகள் இதைக் கட்டாயம் ஆக்கியிருப்பதற்குக் காரணம் இதுதான். இந்தியா அந்த வரிசையில் இருக்கிறது.

0.5-னு ஒரு நம்பர் சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

ஒரு மில்லி லிட்டர் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவத்தில்) 0.5 சர்வதேச அலகு. உலக சுகாதார நிறுவனமும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் ஏற்றுக்கொண்ட எல்லைக்கோடு இது. அளவு தெரிந்த ஒரு சர்வதேசத் தரச் சீரத்தோடு உங்கள் நாயின் சீரத்தை ஒப்பிட்டு இந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். 0.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாஸ்.

இந்தக் கோட்டை ஒரு மதில்சுவர் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். தடுப்பூசிக்கு உடம்பு போதுமான பதில் கொடுத்திருக்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவே. 0.5-க்குச் சற்றுக் கீழே உள்ள நாய் பாதுகாப்பே இல்லாதது என்று அர்த்தமில்லை. மேலே உள்ள நாய்க்கு ரேபிஸ் வரவே வராது என்றும் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

லேப்ல அப்படி என்னதான் பண்றாங்க? ஏன் இவ்வளவு காசு, இவ்வளவு நாள்?

பரவலாக ஏற்கப்படும் முறைகள் இரண்டு: எஃப்.ஏ.வி.என்., ஆர்.எஃப்.எஃப்.ஐ.டி. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். உயிருள்ள ரேபிஸ் வைரஸையும் உங்கள் நாயின் சீரத்தையும் மோதவிட்டு, யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்ப்பது.

எஃப்.ஏ.வி.என். முறையில் முதலில் சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். பிறகு 96 குழிகள் கொண்ட தட்டில் மூன்று மடங்கு, ஒன்பது மடங்கு, இருபத்தேழு மடங்கு என்று நீர்க்கச் செய்துகொண்டே போவார்கள். ஒவ்வொரு நீர்ப்புக்கும் நான்கு குழிகள். அதில் அளந்த வைரஸைச் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து உயிரணுக்களைச் சேர்த்து, 48 மணி நேரம் 37 டிகிரியில் வைப்பார்கள். கடைசியில் ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பச்சை ஒளி தெரிந்தால் அந்தக் குழியில் வைரஸ் தப்பிவிட்டது. இருட்டாக இருந்தால் எதிர்ப்பொருள் அதை முடக்கிவிட்டது.

உயிருள்ள ரேபிஸ் வைரஸைக் கையாள்வதால் உயர் பாதுகாப்பு ஆய்வகமும், தாங்களே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொண்ட பணியாளர்களும் வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது. வளர்ப்பு இரண்டு நாளில் முடிந்தாலும் மாதிரிகளைச் சேர்த்து ஒரு தொகுதியாக ஓட்டுவதால் வாரக்கணக்கில் ஆகும்.

எங்க நாய் அடையாறைத் தாண்டிப் போனதில்லை. சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பயன் குறைவு. எண் குறைவாக வந்தால் செய்யப்போவது ஊசி போடுவது. எண் அதிகமாக வந்தாலும் அடுத்த தவணையில் ஊசி போடத்தான் வேண்டும். அந்தப் பணத்துக்கு நல்ல குளிர்பதன வசதியுள்ள கிளினிக்கில் இரண்டு மூன்று வருட ஊசியே போட்டுவிடலாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை நீண்ட நாள் எடுக்கும் நாய்களுக்கு மருத்துவரே கேட்டால் அது வேறு விஷயம்.

டைட்டர் நல்லா இருந்தா வருஷா வருஷம் ஊசி போடாம விடலாமா டாக்டர்?

கூடாது. டிஸ்டெம்பர், பார்வோ போன்ற நோய்களுக்கு டைட்டர் பார்த்து பூஸ்டரைத் தள்ளிப்போடும் வழக்கம் உண்டு. அதைப் படித்துவிட்டுத்தான் பலரும் இதைக் கேட்கிறார்கள். ரேபிஸுக்கு அந்த வழி இல்லை. இந்த நோய் மனிதருக்குப் பரவும்; அறிகுறி தெரிந்தபின் ஏறக்குறைய எல்லோரையும் கொன்றுவிடும். எனவே செல்லுபடியாகும் தடுப்பூசிச் சான்றைத்தான் விமான நிலையத்திலும் கேட்பார்கள், மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்துக்கும் கேட்பார்கள். டைட்டர் ஊசியோடு சேர்த்துக் காட்டுவது. ஊசிக்குப் பதிலாகக் காட்டுவது அல்ல.

ஒன்பது நோய்க்கும் ஒரே ஊசின்னு போட்டாங்க. அதுலயே ரேபிஸ் இருக்கும்ல?

பெரும்பாலும் இருக்காது. டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ், லெப்டோ வகையறாக்களுக்கான கூட்டு ஊசி அது. ரேபிஸ் ஊசி தனி வயல், தனி ஸ்டிக்கர். புத்தகத்தில் ‘ஏ.ஆர்.வி.’ என்றோ, ரேபிசின், நோபிவாக் ரேபிஸ், ரக்ஷாரேப், டிஃபென்சர் போன்ற பெயரிலோ தனி வரி இருக்க வேண்டும். பேட்ச் எண், காலாவதி தேதி, போட்ட தேதி, மருத்துவர் கையெழுத்து, முத்திரை ஆகிய ஐந்தும் அந்த வரியில் இருக்கிறதா என்று இன்றே புரட்டிப் பாருங்கள். ஸ்டிக்கர் இல்லாத வெறும் தேதியை வெளிநாட்டு அதிகாரி தடுப்பூசியாக எண்ண மாட்டார்.

சிப் முதல்லயா, ஊசி முதல்லயா?

சிப், அதாவது தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப், முதலில். அதிகமான குடும்பங்கள் மாதக்கணக்கில் காலம் இழப்பது இந்த ஒரு இடத்தில்தான். சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி ‘யாரோ ஒரு நாய்க்கு’ப் போட்ட ஊசி என்றுதான் ஐரோப்பிய நாடுகள், பிரிட்டன், ஜப்பான் எல்லாம் கருதுகின்றன. ஐந்து வருடம் தவறாமல் ஊசி போட்டு, ஆறாவது வருடம் சிப் வைத்திருந்தால், சிப்புக்குப் பின் போட்ட ஊசியிலிருந்துதான் அவர்கள் கணக்கு ஆரம்பிக்கும்.

ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம். முதலில் சிப் வைத்து, ஸ்கேனரில் படித்து, எண்ணைப் புத்தகத்தில் எழுதி, பிறகு ஊசி. சிப் 15 இலக்க எண் கொண்ட ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில் இருக்க வேண்டும். பழைய 9, 10 இலக்கச் சிப் வைத்திருந்தால் புதிதாக ஒன்று வைத்து, இரண்டு எண்களையும் சான்றில் எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊசிக்கும், ரத்தம் எடுக்கும் அன்றும் ஸ்கேனரை வைத்து எண்ணை வாசிக்கச் சொல்வது நல்லது. சிப் சில சமயம் கழுத்திலிருந்து தோள்பட்டைக்கு நகர்ந்திருக்கும்; அபூர்வமாக வேலையே செய்யாது. அது விமான நிலையத்தில் தெரிவதை விட இங்கே தெரிவது மேல்.

ரத்தம் எப்ப எடுக்கணும்? ஊசி போட்டு ஒரு வாரத்துல எடுத்தா ஆகாதா?

ஆகாது. முதல் ஊசிக்குப் பிறகு எதிர்ப்பொருள் மெதுவாக ஏறி, நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. அதன்பின் இறங்க ஆரம்பிக்கும். ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் ஊசிக்குப் பின் குறைந்தது 30 நாள் கழித்து எடுத்த ரத்தத்தைத்தான் ஏற்கின்றன. ஊசி போட்ட நாளைச் சுழியமாக வைத்து எண்ணுங்கள். சரியாக முப்பதாம் நாளில் போய் நின்று தகராறு ஆவதைவிட 31-லிருந்து 40-ஆம் நாளுக்குள் எடுப்பது உத்தமம்: விதிக்கும் பொருந்தும், எண்ணும் உச்சத்தில் இருக்கும்.

ஆறு மாதம் தள்ளி எடுக்கிறவர்களும் உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி போட்ட இளம் நாயென்றால் அதற்குள் எண் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

டாக்டர் ஒரு மாச இடைவெளியில ரெண்டு ஊசி போடச் சொல்றார். ஒண்ணு போதாதா?

சட்டப்படி பல நாடுகளுக்கு ஒன்று போதும். டைட்டர் பாஸ் ஆக இரண்டு போடுவதே புத்திசாலித்தனம். முதல் ஊசி உடம்புக்கு வைரஸை அறிமுகப்படுத்துகிறது. இரண்டாவது ஊசியின்போது நினைவு உயிரணுக்கள் தயாராக இருப்பதால் எதிர்ப்பொருள் வேகமாகவும் அதிகமாகவும் சுரக்கும், இறங்குவதும் மெதுவாக நடக்கும். ஒரு வயதுக்குட்பட்டவை, லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற பெரிய உடல்வாகு கொண்டவை டைட்டரில் தவறுவது சற்று அதிகம். அவற்றுக்கு இரண்டாவது ஊசியைத் தவிர்க்கவே வேண்டாம். ஜப்பானுக்கோ சிப்புக்குப் பின் இரண்டு ஊசி கட்டாயம்.

எந்த நாட்டுக்கு எவ்வளவு நாள் முன்னாடி ஆரம்பிக்கணும் சார்?

பயண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ரிசல்ட் வந்த நாளிலிருந்து அல்ல, ரத்தம் எடுத்த நாளிலிருந்து. ஒரு மாதிரிக் கணக்கு: ஜனவரி 5 சிப்பும் முதல் ஊசியும், பிப்ரவரி 2 இரண்டாவது ஊசி, மார்ச் 5 ரத்தம், ஜூன் 5-க்குப் பிறகு பயணம். ஆக ஐந்து மாதம். எங்காவது சறுக்கினால் சமாளிக்க இன்னும் இரண்டு மாதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனுக்குப் போகும் நாய்க்கு, போய்ச் சேருவதற்கு முன் 24 மணியிலிருந்து 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்து, நேரத்தோடு சான்றில் பதிய வேண்டும்.

அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் நாய்களுக்கான விதியை இறுக்கியிருக்கிறது. இந்தியா ரேபிஸ் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய்க்குக் குறைந்தது ஆறு மாத வயது, சிப், அரசு கால்நடை மருத்துவ அதிகாரி ஒப்பமிட்ட தடுப்பூசிப் படிவம், அங்கே பதிவுபெற்ற பராமரிப்பு மையத்தில் முன்பதிவு எல்லாம் வேண்டும். அந்த மையங்கள் உள்ள விமான நிலையங்களில்தான் இறங்க முடியும். நுழைவதற்குக் குறைந்தது 28 நாள் முன் எடுத்த ரத்தத்தின் டைட்டர் ரிசல்ட் இருந்தால், மையத்தில் பரிசோதனையும் மறு ஊசியும் முடித்து வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் 28 நாள் அங்கேயே அடைப்பு, செலவு உங்களுடையது.

ஜப்பானுக்கு ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு, வருகைக்கு 40 நாள் முன் அறிவிப்பு. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேரடியாக நாய், பூனையை ஏற்பதில்லை; அவர்கள் அங்கீகரித்த இன்னொரு நாட்டின் வழியாகத்தான் போக முடியும், போன பிறகு மெல்போர்ன் பக்கம் மிக்கில்ஹாமில் தனிமைப்படுத்தல் உண்டு. ஆஸ்திரேலியா என்றால் வருடக் கணக்கில் திட்டமிடுங்கள்.

குட்டிக்கு ரெண்டு மாசம் ஆகுது. இன்னும் மூணு மாசத்துல ஜெர்மனி போறோம். ஏதாவது வழி இருக்கா?

இல்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் தடுப்பூசியைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் 12 வாரம் முடியும் முன் போட்ட ரேபிஸ் ஊசி கணக்கில் வராது. 12 வாரம், பிறகு 30 நாள், பிறகு மூன்று மாதம் என்று கூட்டினால் குட்டிக்கு ஏழு மாதம் நெருங்கும்போதுதான் போக முடியும். பணம் கொடுத்தால் தேதியை மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் ஏஜென்டுகளின் பேச்சைக் கேட்காதீர்கள். பிடிபட்டால் குட்டியைத் திருப்பி அனுப்புவார்கள், அல்லது அங்கேயே மாதக்கணக்கில் அடைத்துவைப்பார்கள். நம்பிக்கையான உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, எல்லாம் முடிந்தபின் வரவழைப்பதே குட்டிக்கும் நல்லது.

ரத்தம் எடுக்கற அன்னிக்குச் சாப்பாடு கொடுக்கலாமா?

எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் உணவு வேண்டாம். தண்ணீர் தாராளமாகக் கொடுக்கலாம். சாப்பிட்டவுடன் எடுத்தால் சீரம் கொழுப்பேறிப் பால் போலக் கலங்கும். சிறிய குட்டி, சர்க்கரை நோய் உள்ள நாய் என்றால் பட்டினி போடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

எந்த டியூப்புல எடுக்கணும்? கிளினிக்ல ஊதா மூடி டியூப்தான் இருக்குன்னாங்க.

ஊதா மூடி கூடாது. அதில் உள்ள இ.டி.டி.ஏ. என்ற உறைதல் தடுப்பான், மேலே சொன்ன பரிசோதனையின் உயிரணுக்களைக் கெடுத்துவிடும். ஒன்றும் கலக்காத சிவப்பு மூடி டியூப் வேண்டும். மஞ்சள் மூடி ஜெல் டியூப்பில் பிரிக்கலாம். ஆனால் சீரத்தை ஜெல்லின் மேலேயே விட்டு அனுப்பாமல் வேறு குப்பிக்கு மாற்ற வேண்டும்.

நாய்க்கு 5 மில்லி, பூனைக்கு 2 அல்லது 3 மில்லி ரத்தம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் நிமிர்த்தி வைத்து உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் தெளியும். அதைத் திருகு மூடியுள்ள 2 மில்லி பிளாஸ்டிக் குப்பியில் எடுங்கள். பெரும்பாலான ஆய்வகங்களுக்கு அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி போதும். மீதியை இரண்டாவது குப்பியில் ஊற்றி, கிளினிக்கின் மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் வைக்கச் சொல்லுங்கள். கூரியரில் முதல் குப்பி தொலைந்தால், அந்தத் தேதியில் எடுத்த சீரம் இன்னொன்று இருக்கிறது என்பதே மூன்று மாதக் காத்திருப்பைக் காப்பாற்றும்.

சீரம் சிவந்திருந்தால் ரத்த அணுக்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சுவது, சிரிஞ்சிலிருந்து டியூப்புக்குப் பீய்ச்சுவது, குலுக்குவது, முழு ரத்தத்தையே ஃப்ரீசரில் வைப்பது ஆகியவைதான் காரணம். லேசான இளஞ்சிவப்பைச் சில ஆய்வகங்கள் பொறுத்துக்கொள்ளும். ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் அப்போதே மறுபடி எடுத்துவிடுங்கள்.

எந்த லேப்புக்கு அனுப்பணும்? வேப்பேரியிலேயே பண்ணித் தர மாட்டாங்களா?

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் தனியார் கிளினிக்கிலோ சிப் படிப்பது, ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது எல்லாம் செய்துகொள்ளலாம். டைட்டர் அளக்கும் ஆய்வகம் எது என்பதை முடிவு செய்வது நீங்கள் போகும் நாடு. ஒவ்வொரு நாடும் ஏற்கும் ஆய்வகங்களின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. பிரான்சில் நான்சி, பிரிட்டனில் வேபிரிட்ஜ், அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உள்ள ஆய்வகங்கள் இதில் நீண்ட அனுபவம் உள்ளவை. நமக்குப் பக்கத்தில் பெங்களூரு ஹெப்பால் கால்நடைக் கல்லூரியின் ரேபிஸ் ஆய்வகம், உலக விலங்கு சுகாதார அமைப்பின் ரெஃபரன்ஸ் ஆய்வகம் என்ற தகுதி பெற்றது.

ஆனால் ஆய்வகம் திறமையானதா என்பதும், உங்கள் நாட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். இரண்டாவதுக்கு மாதிரி அனுப்பும் வாரத்தில் பட்டியலைத் திறந்து, ஆய்வகத்தின் பெயரைக் கண்ணால் பார்த்து விடை தெரிந்துகொள்ளுங்கள். போன வருடம் நண்பர் அனுப்பிய லேப் என்பது போதாது.

மே மாச வெயில்ல கூரியர்ல போனா சீரம் கெட்டுடாதா?

எதிர்ப்பொருள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இரண்டு மூன்று நாள் குளிர் குறைந்தாலும் எண் சட்டென்று சரியாது. வெயிலில் கெடுவது வேறு காரணத்தால்: கிருமி வளர்ந்து சீரம் கலங்கி, பரிசோதனை உயிரணுக்கள் செத்துவிடும். அப்போது ‘சோதிக்க இயலவில்லை’ என்று பதில் வரும்.

குப்பியின் மூடியைப் பாராஃபிலிம் சுற்றி இறுக்கி, உறிஞ்சும் பஞ்சோடு ஜிப் கவரில் போட்டு, அதை உடையாத டப்பாவில் வைத்து, டப்பாவைத் தெர்மாகோல் பெட்டியில் உறைந்த ஜெல் பேக்குகளுக்கு நடுவே வையுங்கள். வெறும் ஐஸ் கட்டி வேண்டாம், உருகி லேபிள் அழியும். லேபிளை அழியாத மையில் எழுதி மேலே டேப் ஒட்டுங்கள். திங்கள், செவ்வாயில் அனுப்பினால் சனி ஞாயிறில் கிடங்கில் கிடக்காது. பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ் வாரங்களைத் தவிருங்கள். வெளிநாட்டு ஆய்வகம் என்றால் இறக்குமதி அனுமதி, உள்ளடக்க அறிவிப்பு போன்ற தாள்களை ஆய்வகமும் கூரியர் நிறுவனமும் முன்கூட்டியே சொல்லும். அவை பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஃபார்ம்ல என்ன தப்பு வந்தா திருப்பி அனுப்புவாங்க?

சிப் எண்ணில் ஒரு இலக்கம் மாறுவதுதான் முதலிடத்தில் இருக்கிறது. கையால் பார்த்து எழுதாமல் சிப்போடு வந்த பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டுங்கள். அடுத்தது தேதி: 03/05 என்பது இங்கே மே 3, அமெரிக்காவில் மார்ச் 5. மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். குப்பி, படிவம், தடுப்பூசிப் புத்தகம், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் உரிமையாளர் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கட்டும். அப்பா பெயர் முன்னால் ஒரு தாளிலும் பின்னால் ஒரு தாளிலும் இருந்தால் நமக்குப் புரியும், அங்கே இருப்பவருக்குப் புரியாது.

0.5-க்குக் கீழ வந்துடுச்சு. எங்க நாய்க்கு ஊசியே பிடிக்கலையா?

பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரே ஊசியோடு நிறுத்தியது, முப்பது நாளுக்கு முன்போ பல மாதம் கழித்தோ ரத்தம் எடுத்தது, ஊசி போட்ட சமயத்தில் நாய் உண்ணிக் காய்ச்சலிலோ குடற்புழுத் தொல்லையிலோ இளைத்துக் கிடந்தது, தோல் அலர்ஜிக்கு ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தது என்று ஏதாவது ஒன்று இருக்கும். மருந்தின் குளிரையும் கேளுங்கள். ரேபிஸ் ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு படுவதை எல்லோரும் கவனிக்கிறார்கள், உறைவதைக் கவனிப்பவர் குறைவு. வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் தட்டை ஒட்டி வைத்து உறைந்த மருந்து, உருகியபின் பார்க்க நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது.

அப்ப திரும்ப என்ன பண்றது? காத்திருந்த மூணு மாசம் போச்சா?

போய்விட்டது, அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. நாய் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்த்து, நல்ல குளிரில் இருந்த வேறு பேட்ச் மருந்தில் மறு ஊசி. 30 நாள் கழித்து மறு ரத்தம். காத்திருப்பு அந்தப் புது ரத்தத் தேதியிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டாவது முறை பெரும்பாலான நாய்கள் வசதியாகத் தாண்டிவிடும். பயண அவசரம் உள்ளவர்களை முதலிலேயே இரண்டு ஊசி போடச் சொல்வது இந்த நிலை வரக்கூடாது என்றுதான்.

எங்க லாப்ரடார்க்கு 2.6, பக்கத்து வீட்டு நாட்டு நாய்க்கு 13. நம்ம நாய் பலவீனமா?

இல்லை. இரண்டும் பாஸ். 13 என்பதால் அது ஐந்து மடங்கு பாதுகாப்பாக இருக்கிறது என்றோ, அதிக வருடம் தாங்கும் என்றோ அர்த்தமில்லை. மூன்று மூன்று மடங்காக நீர்த்து, ஒவ்வொன்றிலும் நான்கு குழிகள் வைப்பதால் ஒரு குழி கூடினாலே எண் ஏறக்குறைய 1.3 மடங்கு ஏறிவிடும். 0.5-க்கு அடுத்து 0.66, அதற்கடுத்து 0.87 என்று படிக்கட்டாகத்தான் போகும். வேறு வேறு நாய்களுக்கு அச்சு அசலாக ஒரே எண் வருவதும் இதனால்தான், லேப் ஏமாற்றவில்லை.

பத்து நிமிஷத்துல ரிசல்ட் காட்டற கிட் வந்திருக்காமே, அது போதாதா?

பயணத்துக்குப் போதாது. கிளினிக்குகளில் உள்ள விரைவு டைட்டர் கிட்டுகள் பெரும்பாலும் பார்வோ, டிஸ்டெம்பர், ஹெபடைடிஸுக்கானவை. ‘எலைசா’ முறையில் ரேபிஸ் எதிர்ப்பொருளை அளக்கலாம். சில நாடுகள் அங்கீகரித்த ஆய்வகத்தின் எலைசாவை ஏற்கும், சில ஏற்காது. எஃப்.ஏ.வி.என். அல்லது ஆர்.எஃப்.எஃப்.ஐ.டி. என்று ரிசல்ட் தாளில் இருந்தால் கவலை இல்லை.

ஒரு தடவை எடுத்த ரிசல்ட் எத்தனை வருஷம் செல்லும்?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு, பூஸ்டர் ஒருமுறைகூடத் தவணை தாண்டாமல் போட்டுவந்தால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஜப்பானுக்கு ரத்தம் எடுத்ததிலிருந்து இரண்டு வருடம். மற்ற நாடுகளின் கணக்கு வேறு.

‘தவணை தாண்டாமல்’ என்பதில் ஒரு நாள் கூடச் சலுகை இல்லை. ஜூன் 10 வரை செல்லும் ஊசிக்கு ஜூன் 11 அன்று பூஸ்டர் போட்டால் அது முதல் ஊசியாகக் கருதப்படும். சிப்புக்குப் பின் நடந்த மற்ற எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

பூனைக்கும் இதேதானா?

ஐரோப்பா, பிரிட்டன், ஜப்பானுக்கு நடைமுறை இதேதான். அமெரிக்காவின் மேலே சொன்ன 2024 விதி நாய்களுக்கு மட்டும். ஆனாலும் விமான நிறுவனமும் போகிற மாநிலமும் பூனைக்கு ஊசி கேட்கலாம். பூனைகள் டைட்டரில் நாய்களைவிடக் குறைவாகவே தவறுகின்றன. கஷ்டம் ரத்தம் எடுப்பதில்தான். துண்டில் சுற்றிப் பிடிக்கத் தெரிந்த கிளினிக்காகப் பாருங்கள்.

தெருவுல இருந்து எடுத்து வளர்க்கறோம். காது வெட்டியிருக்கு, ஆனா சான்று எதுவும் இல்ல. டைட்டர் எடுத்து ஊசி போட்டிருக்குன்னு நிரூபிக்கலாமா?

வேண்டாம். காதில் வெட்டு, கருத்தடை ஆனதற்கான அடையாளம். அப்போது ரேபிஸ் ஊசியும் போடுவது வழக்கம், ஆனால் எந்தத் தேதி, எந்த மருந்து என்பது தெரியாது. டைட்டர் எவ்வளவு உயர்ந்து வந்தாலும் தடுப்பூசிச் சான்றாக யாரும் ஏற்க மாட்டார்கள். சிப் வைத்து, புதிதாக ஊசி போட்டு, மேலே உள்ள வரிசைப்படி ஆரம்பியுங்கள். முன்பே போட்டிருந்தாலும் கூடுதல் ஊசியால் கெடுதல் இல்லை.

பீச்சுல வாக்கிங் போனப்ப தெருநாய் எங்க நாயைக் கடிச்சிடுச்சு. போன மாசம்தான் டைட்டர் 4 வந்துது. ஊசி வேணுமா?

வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போய்த் தாமதமின்றி மறு ஊசி போடுங்கள். எத்தனை டோஸ், எத்தனை நாள் கண்காணிப்பு என்பதை அவர் சொல்வார். டைட்டர் அன்றைய நிலையைச் சொன்ன தாள். கடித்த நாய் எவ்வளவு வைரஸை எந்த இடத்தில் இறக்கியது என்பது அதற்குத் தெரியாது. புதிதாக டைட்டர் எடுத்து ரிசல்ட் வரட்டும் என்று காத்திருப்பது இன்னும் ஆபத்து.

எங்க நாய் விளையாட்டுல என் பையனைக் கடிச்சிடுச்சு. நாய்க்கு டைட்டர் 8. பையனுக்கு ஊசி போடணுமா?

முதலில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பிறகு அன்றே குழந்தையை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இந்த ஊசி இலவசம். நாயின் டைட்டர் தாளைக் காட்டி ஊசி வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அந்த முடிவு காயத்தைப் பார்க்கும் மருத்துவருடையது.

கூடவே நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள். உமிழ்நீரில் வைரஸை வெளியேற்றும் நிலையில் உள்ள நாய் அந்தப் பத்து நாளுக்குள் நோய் முற்றி இறந்துவிடும். பத்து நாள் கழித்தும் நன்றாகச் சாப்பிட்டு நடமாடினால், மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். அதுவரை தவணைகளை நிறுத்தாதீர்கள்.

தெருவுல ஒரு நாய் வாயில நுரை தள்ளிட்டு சுத்துது. டைட்டர் எடுத்தா ரேபிஸ்தானான்னு தெரியுமா?

தெரியாது. ரேபிஸ் வைரஸ் நரம்பு வழியே மூளைக்குப் போகிறது; நோய் வந்த விலங்கின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் கடைசிக் கட்டத்தில்தான் தோன்றும், பலவற்றில் தோன்றாமலே போகும். ரத்தம் எடுக்கப் போகிறவர்தான் கடிபடுவார். நோயை உறுதி செய்வது விலங்கு இறந்தபின் அதன் மூளைத் திசுவைச் சோதித்துத்தான். பக்கத்தில் போகாமல், குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லுங்கள். அது யாரையாவது கடித்திருந்தால், அவர் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட்டாரா என்று விசாரியுங்கள்.